நாள் தள்ளிப் போடும் மாத்திரைக்கு இல்லாத பயம்

நடுவர் அவர்களே, எங்கள் அணித் தலைவர் அவர்களே, எதிரணியில் உட்கார்ந்து என்னையே முறைத்துக்கொண்டிருக்கும் தோழிகளே, அடுப்பை அணைத்துவிட்டு அவசரமாக ஓடி வந்திருக்கும் அக்கா தங்கைகளே, ‘இது பொம்பளைங்க சமாச்சாரம்’ என்று பின்வரிசையில் ஃபோனைப் பார்த்துக்கொண்டிருக்கும் அண்ணன் தம்பிகளே, எல்லோருக்கும் வணக்கம்.

மெனோபாஸ், அதாவது மாதவிடாய் நிற்கும் காலத்துத் தொல்லைகளுக்குப் பெண்கள் நம்பி நாட வேண்டியது மூலிகை மருந்தா, ஹார்மோன் சிகிச்சையா? இதுதான் தலைப்பு. நான் ஹார்மோன் அணி.

எனக்கு முன்னால் பேசிய டீச்சர் பிரமாதமாகப் பேசினார். கைதட்டலை அள்ளிக்கொண்டு போனார். அவர் சொன்னதில் நான்கு விஷயங்களைச் சீட்டில் குறித்து வைத்திருக்கிறேன். நம் பாட்டிமார் எந்த மாத்திரையும் போடாமலேயே அந்த வயதைக் கடந்தார்கள் என்றார். ஹார்மோன் எடுத்தால் மார்பகப் புற்றுநோய் வரும் என்றார். மூலிகையில் பக்கவிளைவே கிடையாது என்றார். கடைசியாக, அந்த ஹார்மோன் மாத்திரையைக் குதிரை மூத்திரத்திலிருந்து எடுக்கிறார்கள் என்றார். அப்போது இந்த அரங்கத்தில் ‘உவ்வே’ என்று ஒரு சத்தம் வந்ததே, அது மேடை வரைக்கும் கேட்டது. குதிரையிடம் கடைசியில் வருகிறேன்.

முதலில் நான் யார் என்று சொல்லிவிடுகிறேன். நான் டாக்டர் இல்லை. மன்னார்குடி பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு மருந்துக்கடையில் 23 வருடமாக மருந்தாளுநர். டி.ஃபார்ம் படித்தவள். இந்த ஊர்ப் பெண்கள் டாக்டரிடம் சொல்லாததையும், வீட்டுக்காரரிடம் சொல்லாததையும், ஏன், சாமியிடம்கூடச் சொல்லாததையும் எங்கள் கவுண்டரில் குனிந்து மெதுவாகச் சொல்வார்கள். அப்படிக் கேட்டதிலிருந்துதான் பேசப் போகிறேன். யார், எந்தத் தெரு என்பதை மட்டும் கேட்காதீர்கள்.

தை பிறந்தால் எங்கள் கடையில் ஒரு மாத்திரைக்குத் தனி கிராக்கி. கல்யாண மாசம் இல்லையா? கடையில் ஆண்கள் நின்றால் ஒரு பெண் ஓரமாக நிற்பார். எல்லோரும் போகும் வரைக்கும் குளுக்கோஸ் பாக்கெட்டைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பார். அப்புறம் கிட்டே வந்து, “தம்பி கல்யாணம் அக்கா. நாத்தனார் முடிச்சு நான்தான் போடணும். கரெக்டா அன்னிக்குன்னு பார்த்து தேதி வருது. நாள் தள்ளிப் போடறதுக்கு ஒரு அட்டை குடுங்க” என்பார். கல்யாணம் இல்லாவிட்டால் குலதெய்வக் கோயில் பொங்கல், கும்பாபிஷேகம், சமயபுரம். நான் டாக்டர் சீட்டு கேட்பேன். சீட்டு இருக்காது. இல்லாமல் தர மாட்டேன் என்றால் கோபித்துக்கொண்டு வேறு கடைக்குப் போவார்.

நடுவர் அவர்களே, அது என்ன மாத்திரை? நோரெத்திஸ்டிரோன். ஹார்மோன். அசல் ஹார்மோன் மருந்து. சாதாரணமாக எழுதுவது 5 மில்லிகிராம், ஒரு நாளைக்கு மூன்று வேளை. ஆக 15 மில்லிகிராம். அந்த அளவில் அதில் ஒரு பகுதி உடம்புக்குள் ஈஸ்ட்ரோஜன் என்ற பெண் ஹார்மோனாகவே மாறுகிறது. காலில் இரத்தம் கட்டிய பழைய கதை உள்ளவர்களுக்கு அது ஆகாது. மெனோபாஸுக்குத் தரும் சில கூட்டு மாத்திரைகளிலும் இதே நோரெத்திஸ்டிரோன் இருக்கிறது. அதில் எவ்வளவு தெரியுமா? ஒரு மில்லிகிராம். சிலவற்றில் அரை.

பதினைந்தை யாரையும் கேட்காமல் விழுங்கிவிட்டு முடிச்சுப் போடப் போகிறவர், அதே பெண், 48 வயதில் ராத்திரி தூக்கமில்லாமல் கண்ணெல்லாம் உள்ளே போய் வந்து நிற்கும்போது, டாக்டரே ஒரு மில்லிகிராம் எழுதிக் கொடுத்த சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு என்னிடம் கேட்கிறார்: “இது ஹார்மோனாமே அக்கா? கேன்சர் வருமாமே? இதுக்குப் பதிலா ஏதாவது மூலிகை டானிக் குடுங்களேன்.”

பத்து நாள் போடுவதும் பல வருடம் போடுவதும் ஒன்றா என்று எதிரணி கேட்கும். நியாயமான கேள்வி. ஒன்றில்லைதான். ஆனால் நாள் தள்ளிப் போடும் அட்டையை வாங்கும்போது அந்தக் கேள்வியைக் கேட்ட பெண் ஒருத்தியை நான் 23 வருடத்தில் பார்த்ததில்லை. ஊருக்காகவும் சாமிக்காகவும் தம்பிக்காகவும் என்றால் ஹார்மோன் வெறும் மாத்திரை. தன் தூக்கத்துக்காக என்றால் மட்டும் அது விஷமாகிவிடுகிறது. இந்தப் பயம் மருந்தைப் பார்த்து வந்ததா, இல்லை வேறு எதையாவது பார்த்து வந்ததா என்று யோசித்துப் பாருங்கள்.

சரி, என் கதைக்கு வருகிறேன். எனக்கு 47 வயதில் ஆரம்பித்தது. நம் நாட்டில் பெரும்பாலும் 46, 47-ஐ ஒட்டித்தான் நிற்கிறது. கடையில் பில் போட்டுக்கொண்டிருப்பேன். நெஞ்சுக்குள்ளிருந்து ஒரு சூடு கிளம்பும். கழுத்து, கன்னம், காது என்று ஏறும். அடுத்த நிமிடம் குபுகுபுவென்று வேர்வை. ஜாக்கெட் முதுகோடு ஒட்டிக்கொள்ளும். மூளைக்குள் உடம்புச் சூட்டைக் கவனிக்கிற இடம் ஒன்று இருக்கிறது. ஈஸ்ட்ரோஜன் குறைந்ததும் அது தப்புத் தப்பாகக் கணக்குப் போடுகிறது. கொஞ்சம் வெதுவெதுப்பானாலே ‘தீப்பிடித்துவிட்டது’ என்று உடம்புக்குத் தகவல் அனுப்புகிறது. இதெல்லாம் எனக்குப் படிப்பில் தெரியும். தெரிந்து என்ன பிரயோஜனம்?

எங்கள் கடையில் இன்சுலின் வைக்கும் ஃபிரிட்ஜ் ஒன்று உண்டு. 2 டிகிரியிலிருந்து 8 டிகிரிக்குள் இருக்க வேண்டும், தினமும் நோட்டில் எழுத வேண்டும். நான் ஸ்டாக் பார்ப்பதுபோல அதைத் திறந்து முகத்தை உள்ளே நீட்டிக்கொண்டு நிற்பேன். ஒரு நாள் முதலாளி நோட்டைப் பார்த்துவிட்டு, “என்னம்மா, மத்தியானம் மட்டும் ஃபிரிட்ஜ் 11 காட்டுது? மெக்கானிக்கைக் கூப்பிடவா?” என்றார். ஃபிரிட்ஜுக்கு ஒன்றுமில்லை சார், எனக்குத்தான் என்று எப்படிச் சொல்வது?

ராத்திரி இரண்டு மணிக்கு எழுந்து உட்கார்ந்தால் அப்புறம் தூக்கம் கிடையாது. காலையில் யார் எதைக் கேட்டாலும் எரிச்சல். “நீ முன்ன மாதிரி இல்ல” என்று வீட்டில் சொன்னார். அதற்கும் ஒரு சண்டை. சண்டையை விட என்னைப் பயமுறுத்தியது வேறு. ஒரு நாள் அட்டையை எடுத்துக் கொடுத்துவிட்டு, கொடுத்தது 25-ஆ 50-ஆ என்று எனக்கே சந்தேகம் வந்துவிட்டது. ஓடிப் போய் ஆட்டோவை நிறுத்தி வாங்கிப் பார்த்தேன். சரியாகத்தான் இருந்தது. ஆனால் கை நடுங்கியது. மருந்துக்கடையில் தூக்கமில்லாத பெண் நிற்பது எவ்வளவு ஆபத்து என்று அன்றைக்குப் புரிந்தது.

எதிரணித் தோழிகளே, நான் முதலில் போனது உங்கள் பக்கம்தான்! தண்ணீர்விட்டான் கிழங்கு லேகியம் சாப்பிட்டேன். பெண்களுக்கென்று விற்கும் டானிக் இரண்டு கம்பெனியுடையது குடித்தேன். ஆளி விதையைப் பொடித்து மோரில் போட்டேன். முதல் மாதம் அருமையாக இருந்தது. எல்லோரிடமும் சொன்னேன். மூன்றாவது மாதம் பழையபடி ஃபிரிட்ஜுக்கு முன்னால் நின்றேன். அந்த முதல் மாத அருமை எங்கிருந்து வந்தது என்பதைக் கொஞ்சம் பொறுத்துச் சொல்கிறேன்.

இப்போது பாட்டிமார். இந்த இடத்தில் எங்கள் அணியில் ஒருவர், ‘அந்தக் காலத்தில் சராசரி ஆயுளே 32 வயசு, மெனோபாஸ் வரும்வரை யார் இருந்தார்கள் என்று போடு’ என்று எனக்கு எடுத்துக் கொடுத்தார்கள். நான் அதைச் சொல்ல மாட்டேன். சுதந்திரம் வந்த காலத்துச் சராசரி அவ்வளவு குறைவாக இருந்ததற்குப் பெரிய காரணம் பிறந்த குழந்தைகள் செத்ததுதான். அதைத் தாண்டிய பாட்டிகளில் பலர் எழுபது எண்பது வரைக்கும் இருந்தார்கள். என் அப்பாயியே இருந்தாள்.

அப்பாயி ராத்திரியில் திண்ணையில் பனைமட்டை விசிறியோடு உட்கார்ந்திருப்பாள். மார்கழியிலும் உட்கார்ந்திருப்பாள். ‘அப்பாயி காத்து வாங்குது’ என்று நாங்கள் உள்ளே போய்ப் போர்த்திக்கொண்டு படுத்துவிடுவோம். மார்கழியில் யாராவது காற்று வாங்குவார்களா, நடுவர் அவர்களே? எனக்கு 47 ஆன பிறகுதான் அது உறைத்தது. கடைசிப் பத்து வருடம் அவளுக்குக் கூன். நிமிர்ந்து நிலைப்படி பார்க்க முடியாது. ஒரு நாள் கொல்லைப்புறத்தில் வழுக்கி இடுப்பு எலும்பு முறிந்து படுத்தவள் எழுந்திருக்கவில்லை. வயசானால் கூன் விழும் என்று சொல்லிவிட்டோம். ஈஸ்ட்ரோஜன் போன பிறகு எலும்பு கரைவது வேகம் பிடிக்கும் என்று எங்களில் யாருக்கும் தெரியாது. பாட்டி மாத்திரை போடாமல் கடந்தாள் என்று டீச்சர் சொல்கிறார். எப்படிக் கடந்தாள் என்று அவளை யாராவது கேட்டோமா?

அடுத்தது புற்றுநோய். இதுதான் பெரிய விஷயம், இதில் விளையாட்டில்லை. இந்தப் பயம் வானத்திலிருந்து விழவில்லை. அதற்குத் தேதி இருக்கிறது. 2002 ஜூலை. அமெரிக்காவில் ‘விமன்ஸ் ஹெல்த் இனிஷியேட்டிவ்’ என்று அரசு நடத்திய ஆய்வு. 16,608 பெண்கள். பாதிப் பேருக்கு ஈஸ்ட்ரோஜனும் புரோஜெஸ்டின் என்ற இன்னொரு ஹார்மோனும் சேர்ந்த மாத்திரை, மீதிப் பேருக்கு மருந்தே இல்லாத வெற்று மாத்திரை. குறித்த காலத்துக்கு முன்பே பாதியில் நிறுத்தினார்கள். காரணம், மார்பகப் புற்றுநோய் கூடியது. ‘26 சதவீதம் அதிகம்’ என்று உலகம் முழுக்கச் செய்தி வந்தது. டாக்டர்கள் சீட்டு எழுதுவதையே விட்டுவிட்டார்கள். நான் அப்போது வேலைக்குச் சேர்ந்த புதிது. அந்தப் பெட்டிகள் விற்காமல் காலாவதியாகிக் கம்பெனிக்குத் திரும்பிப் போனது எனக்கே ஞாபகம் இருக்கிறது.

26 சதவீதம் என்றால் நூறு பேரில் 26 பேருக்குப் புற்றுநோய் என்றுதான் காதில் விழுகிறது, இல்லையா? அது அப்படியில்லை. பத்தாயிரம் பெண்களை ஒரு வருடம் கவனித்தால், வெற்று மாத்திரை சாப்பிட்டவர்களில் 30 பேருக்கு மார்பகப் புற்றுநோய் வந்தது. ஹார்மோன் சாப்பிட்டவர்களில் 38 பேருக்கு. நம் ராஜகோபாலசுவாமி கோயில் தேர் அன்றைக்குப் பத்தாயிரம் பெண்கள் வந்து நிற்பதாக வைத்துக்கொள்ளுங்கள். அதில் எட்டுப் பேர் கூடுதல்.

எட்டுப் பேர்தானே என்று நான் தட்டிவிட மாட்டேன். அந்த எட்டில் ஒருத்தி நானாக இருந்தால் எனக்கு அது நூற்றுக்கு நூறு. ஆனால் செய்தியில் வராத மீதியையும் கேளுங்கள். அந்த ஆய்வில் இருந்தவர்களின் சராசரி வயது 63. சூடு ஏறித் தவிக்கும் 48 வயதுப் பெண்ணைப் பற்றிய ஆய்வே இல்லை அது. பெரும்பாலும் மாதவிடாய் நின்று பல வருடம் ஆனவர்களுக்கு ஹார்மோன் கொடுத்தால் இதயத்துக்கு நல்லதா என்று பார்க்க நடத்தியது. நல்லதில்லை என்று தெரிந்தது. அந்த வயதில் புதிதாக ஆரம்பிக்காதீர்கள் என்பதுதான் அதன் பாடம். அதே ஆய்வில் இடுப்பு எலும்பு முறிவு மூன்றில் ஒரு பங்கு குறைந்தது, என் அப்பாயிக்கு வந்ததே, அதே முறிவு.

கர்ப்பப்பை எடுத்துவிட்ட பத்தாயிரத்துச் சொச்சம் பெண்களுக்கு ஈஸ்ட்ரோஜனை மட்டும் கொடுத்துத் தனியாக இன்னொரு பகுதி நடந்தது. பக்கவாதம் கூடியதால் 2004-இல் அதையும் நிறுத்தினார்கள். ஆனால் அதில் மார்பகப் புற்றுநோய் கூடவில்லை. நீண்ட காலம் தொடர்ந்து பார்த்ததில் குறைந்தே இருந்தது. 2017-இல் இரண்டு பகுதியையும் சேர்த்து, 18 வருடம் தொடர்ந்த கணக்கை வெளியிட்டார்கள். ஹார்மோன் சாப்பிட்டவர்களும் சாப்பிடாதவர்களும் இறந்த கணக்கில் வித்தியாசமில்லை. இந்தச் செய்தி எத்தனை பேருக்கு வாட்ஸப்பில் வந்தது? கையைத் தூக்குங்கள் பார்ப்போம். 2002 செய்தி மட்டும் இன்னும் சுற்றிக்கொண்டிருக்கிறது. கழுதைக்கு வயசானாலும் கத்துவது குறையவில்லை. 2025 நவம்பரில் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டுத் துறையே, இந்த மருந்துப் பெட்டிகளில் அச்சிட்டிருந்த கறுப்புக் கட்ட எச்சரிக்கைகளில் பெரும்பாலானவற்றை எடுக்கச் சொல்லி அறிவித்தது. எல்லாவற்றையும் எடுக்கவில்லை. கர்ப்பப்பை உள்ளவர் ஈஸ்ட்ரோஜனை மட்டும் தனியாகச் சாப்பிட்டால் கர்ப்பப்பை உள்சுவரில் புற்றுநோய் வரலாம் என்பது 1975-லேயே தெரிந்த விஷயம். அந்த எச்சரிக்கை இருக்கிறது, இருக்கவும் வேண்டும். அதற்காகத்தான் கூடவே இரண்டாவது ஹார்மோனைச் சேர்ப்பது.

எனவேதான் கவுண்டரில் கேட்டு வாங்கிப் போடாதீர்கள் என்கிறேன். நான் போன மகப்பேறு டாக்டர் என்னை உட்கார வைத்து முக்கால் மணி நேரம் கேள்வி கேட்டார். அம்மாவுக்கு, சித்திக்கு மார்பில் கட்டி வந்ததா? காலில் இரத்தம் கட்டியதா? மஞ்சள் காமாலை? பிரஷர் பார்த்தார். மேமோகிராம் எடுக்கச் சொன்னார், கர்ப்பப்பை ஸ்கேன் எடுத்தார். அப்புறம்தான் கையில் தடவும் ஈஸ்ட்ரோஜன் ஜெல்லும் ராத்திரிக்கு ஒரு புரோஜெஸ்டிரோன் மாத்திரையும் எழுதினார். தோல் வழியாகப் போனால் கல்லீரலைச் சுற்றிக்கொண்டு போகிறது, வழக்கமான அளவில் தடவும்போது இரத்தம் கட்டும் அபாயம் கூடியதாக ஆய்வுகளில் தெரியவில்லை என்றார். நாலாவது வாரம் ஒரு நாள் காலை ஆறரைக்குக் கண் விழித்தேன். என்ன வித்தியாசம் என்று புரியாமல் கொஞ்ச நேரம் படுத்திருந்தேன். தலையணை காய்ந்திருந்தது.

இனி மூலிகையில் பக்கவிளைவே இல்லை என்ற டீச்சரின் மூன்றாவது வாதம்.

எங்கள் கடைக்கு அடுத்த கடை நாட்டு மருந்துக்கடை. அண்ணாச்சி நேர்மையானவர். “அண்ணாச்சி, இந்தச் சூரணம் மெனோபாஸுக்குக் கேக்குமா?” என்று ஒரு நாள் கேட்டேன். “குளிர்ச்சிம்மா. குளிர்ச்சின்னு சொல்லித்தான் விக்கிறேன். அதுக்கு மேல என்கிட்ட கேக்காத” என்றார். அண்ணாச்சிக்கு இருக்கும் அடக்கம் டானிக் கம்பெனி விளம்பரத்துக்கு இல்லை. மாதவிடாய்க் கோளாறைச் சரிசெய்யும் என்று மருந்துக்கு விளம்பரம் செய்யக் கூடாது என்று 1954-ஆம் ஆண்டுச் சட்டமே இருக்கிறது. அதனாலோ என்னவோ பாட்டிலில் ‘பெண்மையின் துணை’ என்று பூப் போட்டு எழுதிவிடுகிறார்கள். என்ன துணை, எதற்குத் துணை என்று இருக்காது.

அதிமதுரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். தொண்டைக்கு ஒரு துண்டு மெல்லுங்கள், ஒன்றும் ஆகாது. தினமும் நிறையச் சாப்பிட்டால் பிரஷரை ஏற்றும், பொட்டாசியத்தைக் குறைக்கும். இது புத்தகத்திலேயே இருக்கிற விஷயம். மெனோபாஸ் வயதில் என்னிடம் வரும் பெண்களில் பாதிப் பேர் பிரஷர் மாத்திரை வாங்குகிறவர்கள். ஒரு கையில் பிரஷர் மாத்திரை, மறு கையில் அதிமதுரம் சேர்ந்த டானிக். அமுக்கரா, இப்போது அசுவகந்தா என்று ஸ்டைலாகச் சொல்கிறோமே, அது தைராய்டு ஹார்மோனை ஏற்றக்கூடியது. தைராய்டு மாத்திரை போடும் பெண்ணுக்கு அதைப் பக்கத்து வீட்டு அக்கா சிபாரிசு செய்கிறார். கல்லீரல் பாதிப்பும் பதிவாகியிருக்கிறது. வெளிநாட்டில் மெனோபாஸுக்கு ரொம்பப் பிரபலமான பிளாக் கோஹோஷ் என்ற வேருக்கும் அதே கல்லீரல் புகார் உண்டு. 2004-இல் அமெரிக்காவின் பாஸ்டன் பகுதிக் கடைகளில் விற்ற 70 ஆயுர்வேத மருந்துகளைப் பரிசோதித்ததில் 14-இல் ஈயம், பாதரசம், ஆர்சனிக் இவற்றில் ஏதாவது ஒன்றாவது இருந்தது. மூலிகை ஏமாற்றாது. மூலிகை பாவம். பாட்டிலுக்குள் என்ன இருக்கிறது என்பதற்குத்தான் யாரும் ஜாமீன் இல்லை.

பக்கவிளைவை விடுங்கள். முதலில் விளைவு இருக்கிறதா? 2006-இல் அமெரிக்காவில் ஒரு வருடம் ஓடிய ஆய்வின் முடிவு வந்தது. 351 பெண்கள். ஒரு பிரிவுக்கு பிளாக் கோஹோஷ். ஒரு பிரிவுக்குப் பல மூலிகைக் கலவை. இன்னொன்றுக்கு அந்தக் கலவையோடு சோயா உணவு. ஒன்றுக்கு ஹார்மோன், ஒன்றுக்கு வெற்று மாத்திரை. மூலிகைப் பிரிவு எதுவும் வெற்று மாத்திரையைத் தாண்டவில்லை. ஹார்மோன் மட்டும் தாண்டியது. பிளாக் கோஹோஷைப் பற்றி 2,000 பெண்களுக்கு மேல் கலந்துகொண்ட 16 ஆய்வுகளை 2012-இல் ஒன்றாகச் சேர்த்துப் பார்த்தார்கள். வேலை செய்கிறது என்று சொல்ல ஆதாரம் போதவில்லை என்றுதான் முடிவு வந்தது. சோயாவுக்குக் கொஞ்சம் பலன் இருப்பதாகச் சில ஆய்வுகள் உண்டு, ஒத்துக்கொள்கிறேன். சோயா பிடித்தவர்கள் தாராளமாகச் சாப்பிடுங்கள்.

இப்போது என் முதல் மாத அருமைக்கு வருகிறேன். ஹார்மோனை வெற்று மாத்திரையோடு ஒப்பிட்ட 24 ஆய்வுகளை 2004-இல் ஒன்றாகத் தொகுத்தார்கள். ஹார்மோன் எடுத்தவர்களுக்குச் சூடு ஏறும் தடவைகள், வெற்று மாத்திரைக்காரர்களை விட 75 சதவீதம் குறைவு. ஆனால் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது அது இல்லை. ஒன்றுமே இல்லாத அந்த வெற்று மாத்திரையைச் சாப்பிட்டவர்களுக்கே 57 சதவீதத்துக்கு மேல் குறைந்திருக்கிறது! நம்பிக்கையில் கொஞ்சம், தானாகவே தணிவதில் கொஞ்சம். அப்படியானால் லேகியம் சாப்பிட்டு ‘எனக்குக் கேட்டது’ என்று பத்துப் பேர் மேடை ஏறிச் சாட்சி சொன்னாலும், பத்துப் பேரும் உண்மையைத்தான் சொல்வார்கள். லேகியத்தில் ஒன்றும் இல்லாவிட்டாலும் அப்படித்தான் சொல்வார்கள். நானே சொன்னேனே! நமக்கு வாய்த்த சாட்சிகள் அப்படி.

ஒரே ஒரு விஷயம், இது வாதத்துக்காக இல்லை. போன வருடம் ஒரு அம்மா வந்தார். நின்று இரண்டு வருடம் ஆகிவிட்டதாம், திரும்பவும் கொஞ்சம் படுகிறதாம். “சூடு ஜாஸ்தியாயிடுச்சு, மூணு மாசமா கஷாயம் குடிக்கிறேன், நிக்கல” என்றார். மாதவிடாய் முழுதாக நின்ற பிறகு ஒரு சொட்டு பட்டாலும் அது சூடு இல்லை, டாக்டர் பார்க்க வேண்டிய விஷயம். அவர் மகளை அங்கேயே ஃபோனில் கூப்பிட்டுச் சொல்லி அனுப்பினேன். கர்ப்பப்பை உள்சுவரில் ஆரம்பக் கட்டப் புற்றுநோய். ஆபரேஷன் ஆகி இப்போது நன்றாக இருக்கிறார். அந்த மூன்று மாதம் ஆறு மாதமாகியிருந்தால்? கஷாயம் அவருக்கு எந்தக் கெடுதலும் செய்யவில்லை, நாளைத்தான் தின்றது.

இன்னொரு கூட்டம் இருக்கிறது, அவர்களைப் பற்றி இந்த மேடையில் யாரும் பேசவில்லை. 35, 38 வயதில் ‘கர்ப்பப்பை எடுத்தாச்சு’ என்று சொல்லும் பெண்கள். அவர்களில் சிலருக்குச் சினைப்பையையும் சேர்த்தே எடுத்துவிடுகிறார்கள். ஆபரேஷன் முடிந்த மறுநாளே மெனோபாஸ், படிப்படியாக இல்லை, பொத்தென்று. எலும்பும் இதயமும் பத்துப் பன்னிரண்டு வருடம் முன்கூட்டியே தேய ஆரம்பிக்கின்றன. இவர்களுக்கு, கூடாது என்று சொல்லக் காரணம் எதுவும் இல்லாவிட்டால், இயல்பாக நிற்கும் வயதுவரை ஹார்மோன் கொடுப்பதுதான் உலகம் முழுக்க மருத்துவ வழிகாட்டல். பலருக்கு அப்படி ஒன்று இருப்பதே தெரியாது. டிஸ்சார்ஜ் சீட்டில் இரும்பு மாத்திரையும் கால்சியமும் இருக்கும், அவ்வளவுதான். அந்த 38 வயதுப் பெண்ணிடம் போய் வெந்தயம் ஊறவைத்துக் குடி என்று எதிரணி சொல்லுமா?

இனி குதிரை. டீச்சர் சொன்னது பொய்யில்லை. 1942-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற ஒரு மாத்திரை, சினைக் குதிரையின் சிறுநீரிலிருந்து பிரித்த ஈஸ்ட்ரோஜன்தான். 2002 ஆய்வில் கொடுத்ததும் அதுதான். ஆனால் இப்போது என் கடைக்கு வருவது பெரும்பாலும் எஸ்ட்ராடையால். நம் சினைப்பை சுரந்ததே, அதே மூலக்கூறு. அதை எதிலிருந்து செய்கிறார்கள்?

கிழங்கிலிருந்து!

1940-களில் ரசல் மார்க்கர் என்று ஒரு அமெரிக்க வேதியியலாளர். மெக்சிகோவில் வெராகுருஸ் பக்கம் காட்டில் விளையும் ஒரு வள்ளிக்கிழங்கைத் தேடிப் போனார். நம் பொங்கல் வள்ளிக்கிழங்குக்குப் பங்காளி முறை. அதில் டயோஸ்ஜெனின் என்று ஒரு பொருள். அதை எடுத்து ஆய்வுக்கூடத்தில் பக்குவம் செய்து புரோஜெஸ்டிரோன் ஆக்கினார். 1944-இல் மெக்சிகோவில் அதற்கென்று ஒரு கம்பெனியே வந்தது. இன்றைக்கும் இந்த ஹார்மோன்களுக்கு மூலப்பொருள் பெரும்பாலும் சோயாவும் இந்த மாதிரிக் கிழங்கும்தான். இங்கே ஒரு வேடிக்கை பாருங்கள். அதே கிழங்கை அரைத்து ‘இயற்கை ஹார்மோன் கிரீம்’ என்று வெளிநாட்டில் விற்கிறார்கள். அதைத் தடவினால் ஒன்றும் நடக்காது. ஏனென்றால் அந்த டயோஸ்ஜெனினை ஹார்மோனாக மாற்றும் வித்தை நம் உடம்புக்குத் தெரியாது. மார்க்கரின் ஆய்வுக்கூடத்துக்குத்தான் தெரியும்.

எதிரணியில் அடுத்துப் பேச வரும் அக்காவிடம் ஒன்று கேட்கிறேன். கிழங்கில் பிறந்து, அளந்து, பரிசோதித்து, என் கையில் வந்து சேர்ந்திருக்கும் இந்த ஜெல் எந்த அணி? உங்கள் அணியா, எங்கள் அணியா?

இன்னும் ஒன்று, முடித்துவிடுகிறேன். மார்பகப் புற்றுநோய் வந்தவர்கள், இரத்தம் கட்டியவர்கள், பக்கவாதமோ மாரடைப்போ வந்தவர்கள், கல்லீரல் கெட்டவர்கள், காரணம் தெரியாமல் இரத்தம் படுபவர்கள், நீங்கள் ஹார்மோன் பக்கம் வராதீர்கள். உங்களுக்கு ஹார்மோன் இல்லாத ஆங்கில மருந்துகள் இருக்கின்றன, டாக்டரைக் கேளுங்கள். இதை ஹார்மோன் அணியில் நின்றுகொண்டு நானே சொல்கிறேன். எங்கிருந்து சொல்கிறேன்? இதோ, இந்த ஜெல் பெட்டிக்குள் மடித்து வைத்திருக்கும் தாளிலிருந்து. தம்பி, அந்த முனையைக் கொஞ்சம் பிடி. பார்த்தீர்களா, புடவைத் தலைப்பு மாதிரி நீளுகிறது. கடுகு எழுத்தில் இரண்டு பக்கமும் யாருக்கு ஆகாது, என்ன வரலாம், எத்தனை பேருக்கு வரலாம் என்று எழுதியிருக்கிறார்கள். அக்கா, நீங்கள் பேச வரும்போது அந்த லேகிய டப்பாவையும் எடுத்து வாருங்கள். அதில் ‘பக்கவிளைவுகள்’ என்ற இடத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று இந்தச் சபைக்கு நீங்களே படித்துக் காட்டுங்கள். என்னுடையதை நான் படிக்க ஆரம்பித்தால் ராத்திரி பஸ் போய்விடும்.

நடுவர் மணியில் கை வைத்துவிட்டார். பேச்சு முடிந்தது ஐயா. இந்தத் தாளைப் பழையபடி மடிக்கத்தான் யாருக்காவது தெரிந்தால் வாருங்கள்.